எழுதாமல் விட்ட ஒரு வரி

சில வருடங்களுக்கு முன்பு, பொங்கல் முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பொன்னேரிக்கும் மீஞ்சூருக்கும் நடுவில், தரையிலிருந்து இரண்டாயிரம் அடி உயரத்தில் நடந்தது இது. உயரத்தைக் கேட்டதும் ஏதோ பெரிய விமானம் என்று நினைத்துவிடாதீர்கள். நான்கு பேர் இடித்துக்கொண்டு உட்காரக்கூடிய, ஒற்றை இன்ஜின் வைத்த குட்டி விமானம். அதை ஓட்டியது நான்.

சிப்காட்டில் பேனல் போர்டு செய்யும் சின்னப் பட்டறைக்காரனுக்கு விமானம் ஏது என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்டார்கள். என் அப்பா கவரைப்பேட்டை பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். நான் ஐ.டி.ஐ. முடித்து, கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு உருட்டாலையில் பன்னிரண்டு வருடம் ஷிப்ட் எலெக்ட்ரீஷியனாக இருந்தேன். பிறகு சொந்தப் பட்டறை போட்டேன். நாற்பத்திரண்டு வயதில் ஒரு கிறுக்கு பிடித்துப் பறக்கக் கற்றுக்கொண்டு லைசென்சும் வாங்கினேன். அதே கிறுக்கு பிடித்த மூன்று தொழிலதிபர்களோடு சேர்ந்து, பழைய விமானம் ஒன்றைப் பங்கு போட்டு வாங்கினோம். அவர்கள் மூவருக்கும் முன்னால் என் பங்கு சுண்டைக்காய். ஆனால் அதிகம் பறந்தது நான்தான். பட்டறைச் சுவரில் விமானத்தின் பக்கத்தில் நான் நிற்கும் படத்தைப் பெரிதாக மாட்டியிருந்தேன். தலைக்கனம் என்று இப்போது தெரிகிறது. அப்போது பெருமை என்று பெயர்.

ஆரம்பாக்கம் தாண்டி, ஆந்திர எல்லைக்குள் ஒரு தனியார் ஓடுதளத்தில் அதை நிறுத்தியிருந்தோம். அதைப் பராமரிக்க ஒரு இன்ஜினியரை வேலைக்கு வைத்திருந்தோம். ஆரம்பாக்கத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்து, பரீட்சை எழுதி இன்ஜினியர் லைசென்ஸ் வாங்கியவர். காலை ரயிலைப் பிடித்து வந்துவிடுவார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் பறக்கலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு விமானத்தை இன்னொரு சுற்று சுற்றி வருவார். "இன்னா சார், பொண்ணு பாக்க வந்த மாதிரி சுத்துறீங்க?" என்று நான் கிண்டல் செய்வேன். சிரிப்பாரே தவிர சுற்றுவதை நிறுத்த மாட்டார்.

ஒவ்வொரு முறை பறந்து இறங்கியதும் ஓட்டியவர் ஒரு புத்தகத்தில் எழுத வேண்டும். எவ்வளவு நேரம் பறந்தோம், ஏதாவது குறை தெரிந்ததா என்று. குறை எழுதிவிட்டால், இன்ஜினியர் அதைப் பார்த்துச் சரிசெய்து கையெழுத்துப் போடும்வரை விமானம் நகராது. சில நேரம் அரை நாள், சில நேரம் ஒரு வாரம்.

அந்த ஞாயிற்றுக்கு முந்தைய வியாழக்கிழமை தனியாகப் பறந்தேன். இறங்குவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, மின்சாரம் குறைகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு ஒரு தடவை எரிந்து அணைந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை. அம்மீட்டர் முள்ளும் ஒரு நடுக்கம் நடுங்கியது. பிறகு எல்லாம் ஒழுங்காகிவிட்டது.

இறங்கி வந்து புத்தகத்தைத் திறந்தேன். 'குறை' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.

ஏன் அப்படி எழுதினேன் என்பதை உருட்டாலையில் வேலை பார்த்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். அங்கே எங்களுக்கு ஒரு ஷிப்ட் ரிஜிஸ்டர் உண்டு. சுமை ஏறினால் கரண்ட்டை வெட்டிவிடும் பிரேக்கர் விழுந்தால் தூக்கி விடுவோம். மறுபடி விழாமல் நின்றுவிட்டால் ரிஜிஸ்டரில் 'நார்மல்' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். "இத்தனை மணிக்கு விழுந்தது" என்று உண்மையை எழுதியவனைத்தான் மறுநாள் காலை மேனேஜர் கூப்பிட்டு நிற்க வைப்பார். ஏன் விழுந்தது, லைனை நிறுத்திப் பார்க்கணுமா, உற்பத்தி போச்சே என்று அவன் உயிரை எடுப்பார். எழுதினவன்தான் மாட்டுவான். பன்னிரண்டு வருடம் அப்படி 'நார்மல்' எழுதிப் பழகிய கை இது.

இன்னொரு காரணமும் இருந்தது. என் மனைவியின் தம்பி, என் மச்சான், வள்ளூர் அனல் மின் நிலையத்தில் கிரேன் ஓட்டுகிறான். "மாமா, நான் தெனம் நிமுந்து பாக்குற சிம்னிய ஒரு தபா மேல இருந்து குனிஞ்சு பாக்கணும்" என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த ஞாயிறு கட்டாயம் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தேன். அவன் ஷிப்ட் மாற்றிக்கொண்டு, புதுச் சட்டை எல்லாம் எடுத்து வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை இன்ஜினியர் போன் செய்தார். "சார், நாளிக்கி செக் பண்ணி கையெழுத்து போடணும். புக்ல ஒண்ணும் எழுதல. எதனா இருந்துச்சா? சின்னதா இருந்தாலும் சொல்லுங்க."

"எல்லாம் ஓகே, ஒண்ணும் இல்ல" என்றேன்.

சனிக்கிழமை அவர் வழக்கமான சோதனைகளைச் செய்து கையெழுத்துப் போட்டார்.

ஞாயிறு காலை லேசான பனி. மச்சான் புதுச் சட்டையில், தலைக்கு எண்ணெய் தடவி, மாப்பிள்ளை மாதிரி வந்திருந்தான். இன்ஜினியர் வழக்கம்போல ஒரு சுற்று சுற்றிவிட்டு, மச்சானுக்கு பெல்ட்டை இழுத்துப் பூட்டிவிட்டார். ஏறினோம்.

முதல் இருபது நிமிடம் அவ்வளவு அழகு. கீழே ஆரம்பாக்கத்து வயல்கள், எளாவூர், அப்புறம் சிப்காட்டின் தகரக் கொட்டகைகள். கிழக்கே பழவேற்காடு ஏரி பனிக்குள் வெள்ளையாகக் கிடந்தது. மச்சான் ஹெட்போனில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தான். "மாமா, அது நம்ம ஊடு தான? தண்ணி டாங்கி தெரியுது பாரு!" நானும் ஏதோ ஆகாயத்தையே விலைக்கு வாங்கிவிட்டவன் போல ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தேன்.

பொன்னேரி தாண்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. இந்த முறை அணையவில்லை. ஆல்டர்னேட்டரின் பிரேக்கர் பொத்தான் 'டக்'கென்று வெளியே குதித்தது. ஆல்டர்னேட்டர் என்பது பறக்கும்போது மின்சாரம் தயாரித்து பேட்டரிக்கு ஊட்டுவது. அது நின்றால் பேட்டரியில் மிச்சம் இருக்கிற மின்சாரம்தான் கதி.

அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். பொத்தானை ஒரே ஒரு முறை அழுத்திப் பார்க்கலாம். மறுபடி குதித்தால் தொடக் கூடாது. வேண்டாததை எல்லாம் அணைத்து, பேட்டரியை மிச்சம் பிடித்து, ரேடியோவில் விமானப் போக்குவரத்துக் கண்ட்ரோலுக்கு உடனே சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். இதையே இன்ஜினியரும் எங்கள் நான்கு பேரையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார். "ஒரு தபா தான் சார். அது குதிக்குதுன்னா எங்கயோ சுடுதுன்னு அர்த்தம்."

அழுத்தினேன். நின்றது. ஒரு நிமிடத்தில் குதித்தது.

"இன்னா மாமா அது?" என்றான் மச்சான்.

"ஒண்ணும் இல்ல மச்சான். கரண்டு தான. நம்ம தொழிலே அதான்."

இரண்டாவது முறை அழுத்தினேன். குதித்தது. மூன்றாவது முறையும். தூரத்தில் வள்ளூர் சிம்னிகள் தெரிய ஆரம்பித்துவிட்டன. இன்னும் ஐந்து நிமிடம்தான், அவனுக்குக் காட்டிவிட்டுத் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். கண்ட்ரோலுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அது பதிவாகிவிடுமே. நான்காவது முறை அழுத்தினேன். இந்தத் தடவை பொத்தான் உள்ளேயே நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

அந்த மூச்சை இழுக்கும்போது மூக்கில் ஏறியது நாற்றம். முப்பது வருடமாக எனக்குத் தெரிந்த நாற்றம். ஒயரின் மேல்தோல் கருகும் நாற்றம். எந்தப் பட்டறையில் அது வந்தாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி மெயினை அணைப்பேன். இங்கே எங்கே ஓடுவது?

"மாமா, கப்பு அடிக்குது. பொக வருது பாரு, பொக!" மச்சான் காலை மேலே தூக்கிக்கொண்டான். பேனலுக்கு அடியிலிருந்து நூல் மாதிரி சாம்பல் நிறப் புகை.

மொத்த மின்சாரத்தையும் வெட்டும் மாஸ்டர் சுவிட்சை அணைத்தேன். காற்றுத் துளைகளைத் திறந்துவிட்டேன். ரேடியோ செத்தது. நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று கண்ட்ரோலுக்குக் காட்டும் கருவி செத்தது. பெட்ரோல் மீட்டர் விழுந்தது. ஹெட்போனில் மச்சான் குரல் பாதியில் அறுந்தது. அவன் வாய் மட்டும் அசைந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கத்தினான். "எல்லாம் அணைஞ்சு போச்சு மாமா! வுழுந்துடுமா?"

"விழாது. இன்ஜினுக்கு அதுவே தீப்பொறி போட்டுக்கும். பேட்டரி செத்த பைக்க ஒதச்சு ஓட்டுறோம் இல்ல, அந்த மாதிரி" என்று நானும் கத்தினேன். சொன்னது உண்மைதான்.  இன்ஜின் ஓடும். ஆனால் புகை நெருப்பாகிவிட்டால்? கீழே மீஞ்சூர் வீடுகள் நெருக்கி அடித்துக்கொண்டு கிடந்தன. இறங்க ஒரு முழம் இடம் இல்லை. மச்சானுக்கு ஒன்றாம் வகுப்பு போகும் பையன் இருக்கிறான். அந்தப் பையன் முகம் என் கண் முன்னால் வந்து நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் நான் எனக்காகப் பயப்படவில்லை.

புகை மெல்ல அடங்கியது. விமானத்தைத் திருப்பினேன். பனியில் தூரம் தெரியவில்லை. கிழக்கே அதிகம் ஒதுங்கினால் ராக்கெட் தளத்தின் தடை செய்யப்பட்ட வான்பகுதி. ரேடியோ இல்லாமல் அதற்குள் போனால் யார் என்ன நினைப்பார்களோ. ரயில் தண்டவாளம்தான் கண்ணில் பட்டது. அதைப் பிடித்துக்கொண்டேன். வலது பக்கம் ஏரி, இடது பக்கம் நெடுஞ்சாலை, நடுவில் தண்டவாளம். நாற்பது வருடம் ரயிலில் போய் வந்த வழியை ஒவ்வொரு ஸ்டேஷனாக எண்ணிக்கொண்டு பறந்தேன்.

அப்போதுதான் மச்சான் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். எனக்கு அந்த யோசனையே வரவில்லை. காலையில் இன்ஜினியரிடம் வாங்கி வைத்த நம்பருக்குக் கூப்பிட்டான், இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. உடனே நடந்ததை வாட்ஸ்அப்பில் தட்டினான். அவன் தட்டியதும், வந்த பதில்களை என் காதோரம் கத்திப் படித்ததும் இப்போதும் கேட்கிறது.

"இன்ஜின் ஓடுதா?" என்று முதல் கேள்வி. ஓடுது என்று பதில் போட்டான்.

"அப்ப பயம் இல்ல. மாஸ்டர் ஆஃப்லயே இருக்கட்டும். அத மறுபடி போடாதீங்க. ரயில் ரோட்ட புடிச்சிகினு வாங்க. கண்ட்ரோலுக்கு நான் போன் பண்ணி சொல்லிட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. "ஃபிளாப் எறங்காது. ஸ்பீடு கொஞ்சம் ஜாஸ்தி வெச்சிகோங்க. பாதி ரன்வே தாண்டியும் தரைய தொடலன்னா தூக்கிடுங்க. அவசரம் வேணாம். நான் இங்கயே நிக்கிறேன்."

ஃபிளாப் என்பது இறக்கையின் பின்னால் மடிந்து இறங்கி வேகத்தைக் குறைக்கும் தகடு. எங்கள் விமானத்தில் அது மின்சாரத்தில் ஓடுவது. அது இல்லாமல் இறங்க நீளமான ஓடுதளம் வேண்டும். எங்களுடையது குட்டை. அதன் கடைசியில் முள்கம்பி வேலி, வேலிக்கு அப்புறம் இறால் குட்டை.

முதல் தடவை வேகம் அதிகம். பாதி தாண்டியும் சக்கரம் தரையைத் தொடவில்லை. அவர் எழுதியது காதில் இருந்ததால் தூக்கிவிட்டேன். இல்லாவிட்டால் கண்டிப்பாக முயன்று பார்த்து வேலியில் போய் விழுந்திருப்பேன், என் புத்தி எனக்குத் தெரியும். இரண்டாவது தடவை சுற்றி வந்தபோது ஓடுதளத்தின் ஓரத்தில் அவர் நின்றது தெரிந்தது. காலடியில் தீயணைக்கும் சிலிண்டர். சக்கரம் தொட்டது. பிரேக்கை மிதித்தேன், தேய்ந்து கத்திக்கொண்டே போய், வேலிக்கு இருபது அடி முன்னால் நின்றது.

ஓடி வந்து முதலில் மச்சான் பக்கத்துக் கதவைத்தான் திறந்தார். அவனைக் கைத்தாங்கலாக இறக்கி நிழலில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, "நாஷ்டா துன்னியா இல்லியா? வெறும் வயித்துல இருந்தா நடுக்கம் நிக்காது" என்று கேட்டு, ஓடுதளக் காவலாளியைப் பிஸ்கட் வாங்கி வரச் சொன்னார். என்னைப் பார்த்து, "சூப்பரா எறக்கிட்டீங்க சார்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்குக் காரில் திரும்பும்போது மச்சானிடம் உளறிவிட்டேன். வியாழக்கிழமையே விளக்கு எரிந்ததை, நான் எழுதாமல் விட்டதை. அவன் முகத்தைத் திருப்பி வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு நல்ல அனுபவம். நண்பர்களிடம் சொல்லி மார்தட்டிக்கொள்ளலாம். முடியவில்லை.

விமானத் துறை மேலிடத்துக்கு அறிக்கை எழுத வேண்டியிருந்தது. பொத்தானை எத்தனை முறை அழுத்தினீர்கள் என்ற இடத்தில் 'ஒருமுறை' என்று எழுதினேன். இதற்கு முன் குறை தெரிந்ததா என்ற இடத்தில் மறுபடியும் அந்தப் பாழாய்ப்போன 'இல்லை'. லைசென்ஸ் போய்விடும் என்ற பயம். அதைவிடப் பெரிய பயம், பேனல் போர்டு செய்கிறவனே பிரேக்கரை நாலு முறை அமுக்கினான் என்று சிப்காட் முழுக்கப் பேசினால் எவன் எனக்கு ஆர்டர் கொடுப்பான்?

அடுத்த சனிக்கிழமை பங்குதாரர்கள் கூடினோம். எங்களில் பெரியவரின் தொழிற்சாலை ஆபீஸ், ஏ.சி. அறை. நாங்கள் நான்கு பேர் நாற்காலியில், இன்ஜினியர் நின்றுகொண்டு. உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

"சனிக்கெழம கையெழுத்து போட்டுகிற. ஞாயித்துக்கெழம மேல போனா கருகுது. இன்னாய்யா பாத்த நீ?" என்றார் பெரியவர்.

"சார், அந்த ஒயரு, அத புடிச்சு வெச்சிருக்கிற கிளாம்புக்குப் பின்னால போவுது. கிளாம்புல ஒரசி ஒரசி தோலு உரிஞ்சிகிது. வெளிய டார்ச் அடிச்சா தெரியாது. குறைன்னு ஒரு வரி எழுதி இருந்தா எல்லாத்தயும் பிரிச்சு பாத்திருப்பேன். புக்ல இல்லைன்னு இருந்துச்சு. போன்லயும் சார கேட்டேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். கோபமாக இல்லை. வழி கேட்டு நிற்கிறவர் பார்ப்பது போல.

"கேட்டாரு" என்றேன். "ஆனா அப்ப ஒண்ணும் இல்லயே."

அவ்வளவுதான்.  அவர் தலையைக் குனிந்துகொண்டார். பெரியவர் சாவியை வைத்துவிட்டுப் போகச் சொன்னபோதும் வாதாடவே இல்லை. சாவிகளை மேஜை மேல் வைத்து, "வரேன் சார்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். கதவு சாத்தியதும் பெரியவர் டீ வரவழைத்தார். நானும் குடித்தேன்.

இந்தத் தொழில் சின்ன உலகம். அவர் கையெழுத்துப் போட்ட விமானம் மேலே கருகியது என்ற சேதி அவருக்கு முன்னாலேயே எல்லா ஓடுதளத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. யாரும் அவரை வேலைக்கு எடுக்கவில்லை என்று காதில் விழுந்தது. வேறு வேலை கிடைத்துவிடும், நல்ல வேலைக்காரர்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அதற்குப் பிறகு எனக்குப் பறக்கப் பிடிக்கவில்லை. பட்டறைச் சுவரிலிருந்து படத்தை எடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு சுவருக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறேன் என்றேன்.

ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. மச்சான் பெண்ணுக்குக் காது குத்தல். பந்தியில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதைக் குறைத்துவிட்டிருந்தான். அன்றைக்குத்தான் வாய் திறந்தான்.

"மாமா, அந்தாள வேலய உட்டு அனுப்பிட்டாங்களாமே. மெய்யா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"நீ உண்மைய சொல்லலியா?"

நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க பிளாண்ட்ல எவனாச்சும் இப்டி பண்ணா நானே மூஞ்சில துப்புவேன். நீ மாமாவா போய்ட்ட. அந்தாளு அன்னிக்கி அனுப்சது எல்லாம் இன்னும் என் போன்ல கீது. அழிக்க மனசு வர்ல." சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனான். மூத்தவனை இப்படிப் பேசலாமா என்று என் மனைவிக்குக் கோபம். எனக்கு இல்லை.

மறுநாளே பங்குதாரர்களுக்கு நடந்ததை எல்லாம் எழுதி அனுப்பினேன். மேலிடத்துக்கும் எழுதினேன். என் லைசென்சை நிறுத்தி வைத்தார்கள், அது நியாயம். பங்குதாரர்களில் பெரியவர் போனில் சிரித்தார். "வுடுப்பா, பழங்கத. பிளேனத்தான் வித்தாச்சே" என்றார்.

இன்ஜினியரைத் தேடிக்கொண்டு போனேன். பழவேற்காட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் பார்த்துக்கொண்டிருந்தார். மீன்காரர்களின் கூச்சலுக்கு நடுவில், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "வாங்க சார்" என்றார். அந்த 'சார்' என்னைச் சுட்டது.

எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். வியாழக்கிழமை விளக்கு, நாலு முறை அழுத்தியது, எல்லாம்.

"தெரியும் சார்" என்றார்.

"எப்படி?"

"அந்த பிரேக்கர கழட்டிப் பாத்தேன் இல்ல. ஒரு தபா அமுக்குனதுக்கு ஒயரு அவ்ளோ தூரம் கருவாது."

"அப்ப ஏன் அன்னிக்கி சொல்லல?"

"சொன்னா நம்பி இருப்பாங்களா? நீங்க ஓனரு, நான் சம்பளக்காரன். தப்பிச்சுக்கறதுக்கு பழிய தூக்கி உங்க மேல போடுறேன்னு சொல்லி இருப்பாங்க. நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்லல." கம்ப்ரசர் பக்கம் திரும்பிக்கொண்டு, "அன்னிக்கி தான் சார் கஷ்டமா பூட்ச்சு" என்றார்.

நடந்தது முழுவதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொண்டு போயிருந்தேன். யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள், மறுபடி விமான வேலைக்குப் போங்கள் என்று நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"வேலை கெடக்கட்டும் சார், இங்க ஓடுது. உங்களால முடிஞ்சா ஒண்ணு பண்ணுங்க. ஊட்டுக்கு வந்து என் பொண்ணு கிட்ட இத சொல்லுங்க."

அன்று சாயங்காலமே ஆரம்பாக்கம் போனேன். சின்ன வீடு. அவர் பெண் காலேஜில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். நாற்காலி எடுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். உன் அப்பா சரியாகத்தான் பார்த்தார், தப்பு செய்தது நான், பொய் சொன்னது நான், எங்கள் உயிரைக் காப்பாற்றியவர் அவர் என்றேன். அந்தப் பெண் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அப்பாவைத்தான் பார்த்தாள்.

"நீ அன்னிக்கே சொன்ன நைனா, நான் ஒழுங்காத்தான் பாத்தேன்னு. நான்தான் நம்பல. வேலையில அசால்ட்டா இருந்துட்டு ஊட்ல வந்து சமாளிக்கிறன்னு கேட்டேனே..." முகத்தை மூடிக்கொண்டாள். அவர் அவள் தலையில் கையை வைத்து, "அதுக்கு இன்னாமா இப்ப" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.  நான் அங்கே நிற்கத் தகுதி இல்லாதவன் என்று புரிந்து வெளியே வந்துவிட்டேன். அவர் கூப்பிடவில்லை.

லைசென்ஸ் திரும்பக் கிடைத்தும் நான் பறக்கப் போகவில்லை. என் பட்டறையில் இப்போது பிரேக்கர் விழுந்தால், விழுந்த நேரத்தை எழுதிய பிறகுதான் தொட வேண்டும், எழுதியவனை யாரும் ஒரு கேள்வி கேட்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன். மச்சான் என்னோடு பழையபடி பேச ஆரம்பித்துவிட்டான். வெளியே பார்ப்பவர்களுக்கு எல்லாம் சரியாகிவிட்ட மாதிரிதான் தெரியும். ஆனால் செய்யாத தப்புக்காகத் தன் வீட்டிலேயே, தான் பெற்ற பெண்ணின் முன்னாலேயே ஒரு நல்ல மனிதர் ஒரு வருடத்துக்கு மேல் தலைகுனிந்து சோறு சாப்பிட்டிருக்கிறார். அந்த நாட்களை என்னால் அவருக்குத் திருப்பிக் கொடுக்கவே முடியாது.